காது கேட்காவிட்டால் வாய் கேட்கட்டும்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி நானும் நண்பரும் உட்கார்ந்திருந்தோம். முப்பது வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். மாலையில் அங்கே வண்டிகளை விடுவதில்லை. ஆனாலும் அலைச் சத்தம், பிள்ளைகள் கூச்சல், சுண்டல்காரர் குரல். நண்பர் கடலைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் என் காதில் விழவில்லை. வழக்கம்போல் தலையாட்டினேன். "மகள் வீட்டுக்கு" என்பது மட்டும் விழுந்தது. சிரித்துக்கொண்டே, "நல்லது, ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் மனைவிக்குப் புற்றுநோய். வைத்தியத்துக்காகச் சென்னையில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். அதற்குத்தான் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

வீட்டில் சொல்லிக் குமைந்தேன். "காதுதான் கேக்கல, வாயால கேக்கலாமில்ல?" என்றாள் என் மனைவி. தமிழில் 'கேட்பது' என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று போனால் மற்றொன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது.

சென்னைக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்கு எனக்குக் காதுல விழல. விழுந்த மாதிரி நடிச்சிட்டேன்" என்றேன். "கேக்கலன்னு சொல்லியிருந்தா இன்னொரு தரம் சொல்லியிருப்பேனே" என்றார். அவ்வளவுதான்.

வயதான காதில் முதலில் தேய்வது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். ச, த, க போன்ற எழுத்துகள் மங்கிவிடும்; ஆ, ஓ போன்றவை நிற்கும். அதனால் பேச்சு கேட்கும், சொல் புரியாது. எதிரில் இருப்பவர் கத்தினால் ஆ, ஓதான் பெருகும். கருவி உதவுகிறது, ஆனால் மிக்ஸி சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. உதட்டை மட்டும் நம்பவும் முடியாது. பாடு, மாடு இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே சொல்வதெழுதுதலுக்கு 'திக்தே' என்று பெயர். ஐந்து தவறு என்றால் பூஜ்யம். முசியே முதலில் பத்தி முழுவதையும் வாசிப்பார். எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். பிறகு துண்டு துண்டாக, நிதானமாகச் சொல்வார். கடைசியில் மறுபடியும் முழுக்க வாசிப்பார். கத்தவே மாட்டார். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்போது வீட்டில் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது அதே முறைதான். முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், எதைப் பற்றிய பேச்சு என்று சொல்லுங்கள். அடுப்படியிலிருந்து பேசாமல், வெளிச்சத்தில் முகம் தெரிய நின்று பேசுங்கள். புரியாவிட்டால் அதே சொல்லைக் கத்தாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள்.

என் பங்குக்கு நானும் "என்ன? என்ன?" என்பதை விட்டுவிட்டேன். "வெள்ளிக்கிழமைன்னது விழுந்துச்சு, எத்தனை மணிக்கு?" என்று விழாததை மட்டும் கேட்கிறேன். தேதி, தொகை, மருந்தின் பெயர் என்றால் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறேன். சட்டைப்பையில் சின்ன நோட்டும் பேனாவும் இருக்கின்றன.

நண்பரின் மனைவி காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். மாலையில் நாங்கள் விளக்குக் கம்பத்துக்குக் கீழே உட்காருகிறோம். அவர் இப்போது கடலைப் பார்ப்பதில்லை. என் பக்கம் திரும்பித்தான் பேசுகிறார். புரியாத இடத்தில் நான் கையைத் தூக்குகிறேன், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல. அவர் நிறுத்தி, இன்னொரு தரம் சொல்கிறார்.