பள்ளிக்கரணைக் கழுவெளி

பறவை பார்க்க வேடந்தாங்கலுக்குத்தான் போகவேண்டும் என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். சென்ற தை மாதம் ஒரு காலையில் வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த எண்ணம் தொலைந்தது. சாலையோரமெல்லாம் நீரும் கோரையும். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, தொலைந்துபோன மூக்குத்தியைத் தேடுவதுபோலச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தாலோ நாற்புறமும் அடுக்கு மாளிகைகள்!

தென்சென்னையில் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலில் கலக்கிறது. முன்னோர் இதைக் கழுவெளி என்றார்கள். சர்க்கார் கணக்கிலோ, உழவுக்கு உதவாத இத்தகைய நிலத்துக்குத் தரிசு என்று பெயர். அப்படி எழுதிவிட்டால் போதுமே! குப்பை கொட்டலாம், ஆபீஸ் கட்டலாம். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் அகன்ற சாலையும் நீருக்கு நடுவே அணைபோல எழுந்தது.

2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். மரமில்லாத காடு! நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டத்தின் கையில் இருந்த காக்கும் சொல் அதுதான். 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறிற்று.

அருகில் ஒரு தெருவில் நமக்குத் தங்கை முறையாகும் பெண்மணியின் வீடு. கூடத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பென்சில் கோடு. 2015 டிசம்பரில் வெள்ளம் நின்ற மட்டம். காப்பி கொடுத்துவிட்டுப் பீரோவிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வந்தாள்.

"பட்டா, பத்திரம், வரைபட அநுமதி எல்லாம் சரியாயிருக்கிறது, அண்ணா. கடன் கொடுத்த பாங்கிக்காரர்களும் படித்துப் பார்த்தார்கள். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்றுதான் இதில் ஒருவரும் எழுதவில்லை."

முப்பது வருஷச் சேமிப்பு அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. அவளைக் குற்றம் சொல்ல நமக்கு நா எழவில்லை. மனை மனையாகப் பார்த்து அநுமதி கொடுக்கிறார்கள். நீர் மனை மனையாக ஓடுவதில்லையே! விற்க மனமில்லை, மழைக்காலத்தில் உறக்கமுமில்லை என்றாள்.

விடைபெறுமுன் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். வேலிக்கு அப்பால் நீர் வெயிலில் மின்னிற்று. வேலிக்கு இப்பால், பாதி மண் நிரப்பிய ஒரு மனையில், மீந்திருந்த தண்ணீரில் இரண்டு நாரைகள் நின்றுகொண்டிருந்தன.