பொறி இருக்கிறதா?

தமிழிலே 'பொறி' என்னும் சொல் யந்திரத்தையும் குறிக்கும். நெருப்புத் துகளையும் குறிக்கும். கண், காது, மூக்கு முதலியவற்றையும் குறிக்கும். பழைய மோட்டார் சைக்கிளொன்றைச் சோதிக்கப் புகுவோர்க்கு இம்மூன்றும் ஒருங்கே வேண்டியிருக்கின்றன. நாலு தரம் உதைத்துப் பார்த்து, இயங்கவில்லையாயின் "செத்துப்போச்சு" என்று தீர்ப்பு வழங்குவது நம்மவர் வழக்கம். இயங்காமைக்கோ காரணங்கள் பல. சில, சொற்பப் பணத்தோடு தீர்வன. சில, வண்டியின் விலையையே விழுங்குவன.

செட்டிகுளத்தில் எம் அயலிலுள்ள தாயொருவருக்கு அண்மையில் இந்த ஐயம் எழுந்தது. அவர் கணவர் 2003 ஆம் ஆண்டு கிளிநொச்சிப் பக்கத்தில் பழைய வண்டியாக வாங்கிய ஹொண்டா சி 70, அவர் காலமானபின் ஏழாண்டுகளாகத் தாழ்வாரத்தில் கோழிகளுக்கு ஆசனமாக நின்றது. மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. வவுனியாவிலே தொழிற்பயிற்சி. பஸ்ஸை நம்பிப் புறப்படுவதால் காலை வகுப்பிற் பாதி போய்விடுகின்றது.

"அண்ணை, பழைய இரும்புக்காரன் நாளைக்கு வாறன் எண்டவன். குடுக்கிறதோ, வச்சிருக்கிறதோ?" என்று கேட்டார்.

விடை கூறுமுன் யந்திரத்தின் பூர்வ கதையை நினைக்கவேண்டும். 1990 முதல் 2002 வரை வன்னியின் பெரும்பகுதிக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தது. அக்காலத்தில் அங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயிலே ஓடின. குளிர்ந்த யந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அந்தச் சாமர்த்தியத்தாலேயே நோயாளர் ஆஸ்பத்திரி சேர்ந்தனர். நெல் சந்தை சேர்ந்தது. ஆனால் யந்திரம் அதற்கு விலை கொடுத்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும்; கீழிறங்கி, தேங்கியிருக்கும் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கிலே கரி படியும், றிங்குகள் தேயும். கரியைச் சுரண்டலாம், தேய்ந்தது வளராது.

எனவே முதலிற் பார்த்தது பொறியையன்று, அமுக்கத்தை. பிளக்கைக் கழற்றி, அதன் துவாரத்தைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, பையனை உதைக்கச் சொன்னோம். நல்ல யந்திரமாயின் காற்று விரலைத் தள்ளி எறியும். இங்கே தள்ளிற்று, எனினும் முதியவரின் கைகுலுக்கல் போல. துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டோம். இவ்வகை ஹொண்டாவில் சிலிண்டர் ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருப்பதால், ஒயில் பிஸ்ரனைச் சென்றடையும்படி பையன் முன்சில்லை உயர்த்திப் பிடித்தான். மறுபடி உதைத்தபோது விரல் நன்றாகவே தள்ளப்பட்டது. ஒயில் விட்டதும் அமுக்கம் ஏறினால் தேய்வு றிங்கில். ஏறாவிடின் வால்வுகளை ஐயுறலாம். ஆக, றிங் தேய்ந்திருக்கிறது. ஆனால் முற்றாக அழியவில்லை.

அடுத்தது பொறி. பிளக்கை அதன் தொப்பியிற் செருகி, உடலை யந்திரத்தின் வெற்று உலோகத்திற் சாய்த்து, நிழலில் வைத்து உதைக்கவேண்டும். பெற்றோல் ஆவி வரும் துவாரத்துக்கு அருகில் வைக்கலாகாது. தடித்த நீலப்பொறி நலத்தின் அறிகுறி. மெலிந்த செம்பொறி நோயின் அறிகுறி. எமக்கு இரண்டும் கிட்டவில்லை. இருளே கிட்டிற்று. பையனின் முகமும் இருண்டது.

இடப்புற மூடியைத் திறந்து, பிளைவீலின் சாளரத்தினூடாக நோக்கினோம். பொயின்ற் என்னும் இரு சிறு முனைகளும் பாசம் பிடித்ததுபோல் மங்கியிருந்தன. அவை பிரியும் கணத்திலேதான் பல்லாயிரம் வோல்ற் எழுந்து பிளக்கிற் பொறியாகப் பாய்கின்றது. அழுக்கேறிய முனைகளில் மின்னே ஓடாதபோது எதைப் பிரிப்பது? நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்தோம். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும். அளக்கும் தகடு இல்லாதோர் சவர அலகுகளை நாடலாம்; ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. மூன்று அலகுகளை அடுக்கி அளந்தோம். பிளைவீலிலுள்ள 'எஃப்' என்ற குறி, உடலிலுள்ள குறிக்கு நேராக வரும்போது முனைகள் பிரியத் தொடங்கவேண்டும். இடையிற் செருகிய மெல்லிய தாள் அக்கணத்தில் வழுக்கி வந்தது.

மறுபடி உதைத்தபோது நீலப்பொறி தோன்றியது.

காபரேற்றரின் ஜெற்றிலே பழைய பெற்றோல் பிசினாய் உறைந்திருந்ததைக் கழுவவும், 0.8 லீற்றர் புது ஒயில் ஊற்றவும் மாலையாயிற்று. ஏழாவது உதையில் யந்திரம் இருமி, நீலப்புகை கக்கி, பின் நிதானமாக ஓடியது. கோழிகள் சிதறின. அடுக்களையிலிருந்த தாய் வெளியே வரவில்லை. பாத்திரம் கழுவும் ஓசை மட்டும் நின்றது.

இரும்புக்குக் கொடுக்கவேண்டாம் என்றோம். புகை றிங்கின் சாட்சி. அந்தச் செலவு அறுவடைக்குப் பின் பார்க்கத்தக்கது. அதுவரை வாரந்தோறும் ஒயிலின் அளவை நோக்கவேண்டும். பதிவுப் புத்தகம் இன்னும் தந்தையின் பெயரிலேயே இருக்கின்றது. அதை மாற்றி, வருமான அனுமதிப்பத்திரமும் சாரதி அனுமதிப்பத்திரமும் பெறும்வரை முற்றத்தைச் சுற்றி மட்டும் ஓட்டலாம் என்பது தாயின் கட்டளை. பையன் இப்போது நாள்தோறும் மாலையில் மாமரத்தை வலம்வருகின்றான்.