பூவுக்காக ஒரு வெட்டு

போன்சாய் என்றாலே பலருக்குக் கோபம் வரும். வானத்தைப் பார்த்து வளர வேண்டிய மரத்தை வெட்டி வெட்டித் தொட்டிக்குள் அடக்குவது பாவம் இல்லையா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விஸ்டீரியாவை வளர்ப்பவர்களிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

ஜப்பானியர்கள் இதை ஃபுஜி என்கிறார்கள். உண்மையில் இது மரமே இல்லை, கொடி. அவரைக் குடும்பம். வசந்தத்தில் நம்மூர் சரக்கொன்றை போலப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கும், நிறம் மட்டும் ஊதா. அஷிகாகா மலர்ப் பூங்காவில் 1996-ல் வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்து நட்ட ஒரே ஒரு கொடி, இன்று சுமார் 1000 சதுர மீட்டர் பந்தலை மூடி நிற்கிறது!

இதைத் தொட்டியில் வைத்தால் தண்டைக் குட்டையாக்கலாம். பூச்சரத்தைக் குட்டையாக்க முடியாது. அதனால் விஸ்டீரியா போன்சாய் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். சரங்கள் தடையின்றித் தொங்க வேண்டுமே! விதை போட்டால் பூக்கப் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகும். ஆகவே ஏற்கெனவே பூத்த செடியில் பதியன் போட்டோ, ஒட்டுக் கட்டியோதான் தொடங்குவார்கள்.

இனி கத்தரிக்கோல். பூ உதிர்ந்ததும் காய் பிடிக்கும் முன் காம்புகளை நறுக்கிவிட வேண்டும். கோடையில் சாட்டை போல நீளும் கொடிகளை, சில இலைகள் மட்டும் விட்டு வெட்ட வேண்டும். விட்டுவிட்டால் செடியின் சக்தியெல்லாம் கொடி ஓடுவதிலேயே போய்விடும். தழைச்சத்து உரம் அதிகமானாலும் இதே கதைதான், வெறும் இலை.

குளிர்காலத்தில் இலை கொட்டிய பிறகு, கிளைக்கு இரண்டு மூன்று மொட்டு விட்டு மறுபடி வெட்டு. இங்கேதான் நிதானம் தேவை. உருண்டு தடித்திருப்பது பூ மொட்டு. ஒல்லியாகக் கூராக இருப்பது இலை மொட்டு. அடுத்த வசந்தத்துக்கான பூ மொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. அவசரத்தில் தடித்ததை வெட்டினால் அந்தச் சரம் போனது போனதுதான். மீண்டும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆக, எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பதைச் செடிதான் தீர்மானிக்கிறது. கோடையில் அதன் தாகமும் அதிகம். தண்ணீர்த் தட்டில் தொட்டியை நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. வளர்ப்பவர் நினைத்தபடி இரண்டு நாள் ஊருக்குப் போய்வர முடியாது.

இதில் யார் யாரைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள்.