மலையடியில் நின்றவன்

திருப்பரங்குன்றம் மலையில் நானும் அவனும் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே ஏறியிருக்கிறோம். அவன் வீடு நெல்பேட்டையில். ஞாயிற்றுக்கிழமை பெரியார் நிலையத்தில் பஸ் ஏறுவோம். மேலே சிக்கந்தர் தர்காவில் அவன் ஃபாத்திஹா ஓதுவான். நான் காசி விசுவநாதரைப் பார்த்துவிட்டு வருவேன். பிறகு ஒரே பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவோம். இதற்கு ‘நல்லிணக்கம்’ என்று ஒரு பெயர் இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

2025 பிப்ரவரியில் அந்த மலையை வைத்து மதுரையில் போராட்டம், தடை உத்தரவு எல்லாம் வந்தன. சில மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். அடிவாரம் வரை வந்தான். “நீ ஏறிட்டு வா மாப்ள, நான் கீழயே நிக்கிறேன்.”

நானும் ஏறவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தோம். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று குணங்குடி மஸ்தான் சாகிபை இழுத்தேன்.

1792இல் தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர்தான் பின்னாளில் மஸ்தான் சாகிபு ஆனார். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்றவர். மாமன் மகளோடு பேசிய கல்யாணத்தை மறுத்துவிட்டு, 1813இல், இருபத்தொரு வயதில், வீட்டைத் துறந்தார். திருச்சியில் குருவிடம் காதிரிய்யா வழியில் தீட்சை. அதன்பின் இதே மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தியானம் செய்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. காடு, மலை, குப்பைமேடு என்று திரிந்தவரை ஜனங்கள் ‘மஸ்தான்’ என்றார்கள்: போதையில் இருப்பவர். கடைசியில் சென்னை. தொண்டியிலிருந்து வந்ததால் ‘தொண்டியார்’. அதிலிருந்துதான் தண்டையார்பேட்டை என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1838இல் மறைந்தார்.

இதையெல்லாம் சொல்லி, “தாயுமானவர் மாதிரியே பராபரக்கண்ணி எழுதினார். இறைவனை மனோன்மணி என்று பெண்ணாக்கிக் காதலித்தார். அவர்மேல் நான்மணிமாலை பாடியது யார்? திருத்தணிகை சரவணப்பெருமாளையர்! பார்த்தாயா?” என்று முடித்தேன்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்: “எங்க ஆளு ஒருத்தர் நல்லவர்னு சொல்றதுக்கு, அவர் எவ்வளவு தூரம் உங்க ஆளு மாதிரி இருந்தார்னு காட்டணுமா?”

எனக்குச் சுருக்கென்றது. நான் செய்தது அதுதான்.

அன்றிரவு வீட்டில் மஸ்தான் பாடல்களை மறுபடி எடுத்தேன். இதுவரை நான் படித்ததெல்லாம் எனக்குப் பழகிய பக்கங்கள் மட்டுமே. நபியைப் போற்றும் இடங்களையும் ரகுமான் கண்ணியையும் வேகமாகத் தாண்டியிருக்கிறேன். முகியித்தீன் சதகத்தைத் திறந்ததே இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்து 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியை நோக்கி, ஒரு தொண்டிப் பக்கத்துக்காரர் தமிழில் முறையிடும் நூல் அது. அவர் மனம் போய் நிற்கும் வாசல் அது. அதை விட்டுவிட்டு மனோன்மணியை மட்டும் எடுத்துக்கொண்டால், நான் வாசிப்பது என்னைத்தான்.

மனோன்மணியும் எக்காலமும் பராபரமும் அவர் யாரிடமும் இரவல் வாங்கியவை அல்ல என்பதும் அப்போதுதான் உறைத்தது. பத்திரகிரியார் ‘எக்காலம்’ என்று புலம்பிய அதே மொழியில்தான் அவரும் அம்மாவிடம் சோறு கேட்டு வளர்ந்திருப்பார். தன் தாய்மொழியில் ஒருவர் அழுவதற்கு விருந்தாளி மரியாதை எதற்கு? அவர் முழு முஸ்லிம், முழுத் தமிழ்க்கவி. இரண்டையும் கூட்டிக் கழிக்க வேண்டிய கணக்கு என்னுடையது, அவருடையதல்ல.

மறுநாள் போன் செய்து, சதகம் படிக்கிறேன் என்றேன். பாதிக்கு மேல் புரியவில்லை, அரபுச் சொற்கள் நிறைய என்றேன். சிரித்தான். தன் வாப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“டேய், அந்த நாப்பது நாளும் அவருக்கு மேல யாரு சோறு கொண்டுபோயிருப்பா?”

“தெரியலடா. அடிவாரத்துக்காரங்க யாராவது இருக்கும்.”

“ம்.”

“இந்த ஞாயித்துக்கிழமை புளிச்சோறு கட்டவா?”

“பாப்போம்” என்றான்.