நகம் தட்டும் ஆழம்

பறவை எச்சம் விழுந்து கெட்டுப்போன பெயிண்டைச் சரிசெய்பவருக்கு முதல் கருவி அவருடைய கட்டைவிரல் நகம். தழும்பின் ஓரத்தில் நகத்தை மெல்ல இழுத்துப் பார்க்கிறார். வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் போய்விடும். லேசாகத் தட்டினால் வாட்டர் பேப்பர் போட வேண்டும். நன்றாக மாட்டினால் அந்தப் பாகத்துக்கே பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். செலவும் உழைப்பும் அந்த ஒரு நொடியில் முடிவாகிவிடுகின்றன.

சென்னை போரூரிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையின் உள்தெரு ஒன்றில் இருக்கிறது அந்த டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை. தகரக் கூரை, ஓரத்தில் அதிரும் கம்ப்ரசர், பின்பக்கத்தில் பிளாஸ்டிக் திரை கட்டி மறைத்த பெயிண்ட் அறை. வேலை செய்பவர்கள் நான்கு பேர். மூத்தவரை மற்றவர்கள் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். சிறுவனாகப் புதுப்பேட்டையில் தொழிலுக்கு வந்து, அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்திலிருந்து பெயிண்ட் அடிப்பவர்.

நான் போயிருந்த காலையில் கருநீலக் கார் ஒன்று வந்து நின்றது. ஓய்வுபெற்றவர் ஒருவர் ஓட்டிவந்திருந்தார். எச்சத்தை அவரே கழுவிவிட்டார். ஆனால் அது விழுந்து வழிந்த வடிவம் பானெட்டில் ஆறேழு இடங்களில் அப்படியே பதிந்திருந்தது.

“எத்தன நாள் சார் இது மேலயே இருந்துச்சு?”

“பொண்ணு வீட்டுக்கு ஊருக்குப் போயிட்டோம்பா. வண்டி தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழதான் நின்னுது. பத்து நாள் இருக்கும். அந்த மரத்த வெட்டச் சொல்லி மனு குடுக்கலாமான்னு பாக்குறேன்.”

“அத மட்டும் செய்யாதீங்க சார். வெயில்லயே நின்னா பானெட்டு, ரூஃப் எல்லாம் வெளுத்து உரிஞ்சு வரும். அதுக்கு நான் மொத்தமா அடிக்கணும். இது அஞ்சாறு புள்ளிதானே.”

தன் வேலை குறையும் யோசனையைத்தான் அவர் சொன்னார். சொல்லிவிட்டு என்னை அழைத்து, பானெட்டில் விழுந்திருந்த டியூப்லைட்டின் பிம்பத்தைக் காட்டினார். நல்ல பெயிண்ட் இருந்த இடத்தில் வெளிச்சக் கோடு நேராக ஓடியது. தழும்புக்கு வந்ததும் நெளிந்தது. ஓரிடத்தில் அறுந்தே போயிருந்தது. “கோடு நெளிஞ்சா பெயிண்டோட முகம் கெட்டிருக்குன்னு அர்த்தம். அறுந்தா உள்ள போயிருக்கு” என்றார். அறுந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் மெல்லிய வெடிப்புகள் பின்னிக் கிடந்தன.

இந்தக் காயத்தைப் புரிந்துகொள்ள, கார் மேல் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதே சாலையில் மேற்கே போய்ப் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இருக்கிறது. அதுபோன்ற ஆலைகளில் தகர உடலை முதலில் பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தித் துருத்தடுப்புப் பூச்சை ஏற்றுகிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட். கடைசி அடுக்கை 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேகவைக்கிறார்கள். நான்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 130 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நாம் தொட்டுப் பார்த்து மகிழும் பளபளப்பு மேலே இருக்கும் 40, 50 மைக்ரான் கிளியர் கோட்டில் இருக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. வெயிலின் புற ஊதாக் கதிரை வடிகட்டும் பொருளும் அந்த அடுக்கில்தான் கலந்திருக்கிறது.

எச்சம் இந்த அடுக்கை ஒரே வழியில் கெடுப்பதில்லை. பறவைகள் சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. உடம்பின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக்கி, மலத்தோடு சேர்த்தே வெளியேற்றுகின்றன. எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதுதான். யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் ஒரு மழை பெய்தாலும் கறை போவதில்லை. அமிலம்தான் பெயிண்டை அரிக்கிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈரானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எச்சத்தில் உள்ள செரிமான நொதிகளின் பக்கம் கவனத்தைத் திருப்பினார்கள். புரதத்தையும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் உடைக்கும் அந்த நொதிகள் கிளியர் கோட்டின் பிணைப்புகளையும் வெட்டுகின்றன என்பது அவர்கள் கண்டது. சோதனைகளில் இயற்கையான எச்சத்தோடு, அதே வகை நொதிகள் கொண்ட பான்கிரியாட்டின் என்ற பொருளையும் பயன்படுத்தினார்கள்.

பிரிட்டனில் கார் பராமரிப்புப் பொருள்கள் செய்யும் ஆட்டோகிளிம் நிறுவனத்தார் இன்னொரு காரணத்தைச் சொன்னார்கள். பகல் வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சம் காய்ந்து இறுகுகிறது. இரவில் குளிரும்போது கிளியர் கோட் சுருங்கி, அந்தக் கட்டியின் மேடுபள்ளத்தை அச்செடுத்துக்கொள்கிறது. மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். “சித்திரை வைகாசில வர்ற கறைக்கும் மார்கழில வர்ற கறைக்கும் வித்தியாசம் இருக்கு சார். வெயில்தான் உள்ள எறக்குது. கறுப்பு, நீலம் வண்டிங்கதான் அதிகமா வரும்” என்றார். கருநிறம் வெயிலை அதிகம் வாங்கும் என்பதோடு, தழும்பு அதில் அதிகம் தெரியும் என்பதும் உண்மைதான்.

வேலை தொடங்கியது. உதவிக்கு இருந்த திருவண்ணாமலைப் பக்கத்துத் தம்பி பானெட்டை ஷாம்பூ போட்டுக் கழுவி, களிமண்பதத்தில் இருக்கும் கிளே பாரை ஈரத்தோடு தேய்த்து, ஒட்டியிருந்த அழுக்கை எடுத்தான். ஓரிரு இடங்களில் இன்னும் எச்சத்தின் பொருக்கு இருந்தது. அங்கே ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்தான். சுரண்டவில்லை. தானியம் தின்னும் பறவைகள் இரையை அரைக்கச் சிறு கற்களையும் விழுங்கும். எச்சத்தில் மணலும் விதையும் இருக்கும். காய்ந்ததை அழுத்தித் துடைத்தால் அந்த மணலே பெயிண்டைக் கீறிவிடும். பலர் காரைக் கெடுத்துக்கொள்வது எச்சத்தால் பாதி, அவசரமாகத் துடைத்ததால் பாதி.

பிறகு மாஸ்டர் தடிமன் பார்க்கும் மீட்டரைப் பானெட்டில் வைத்தார். 112, 115, 109 என்று எண்கள் வந்தன. ஆலையில் அடித்த பெயிண்ட் இன்னும் தொடப்படாமல் இருக்கிறது என்று பொருள். முன்பே பட்டி போட்டு அடித்த வண்டியாக இருந்தால் எண் பல மடங்கு ஏறும். இந்த மீட்டர் உலோகத்தின்மேல்தான் பேசும். பிளாஸ்டிக் பம்பரில் அது ஊமை. அங்கே பழக்கம்தான் கணக்கு.

மேலோட்டமான திட்டுகளுக்கு ஃபோம் பேடில் பாலிஷ் கம்பவுண்ட் வைத்து, மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட்டினார். ஒரே இடத்தில் நிற்காமல் குறுக்கும் நெடுக்குமாகப் போனார். இடையிடையே நிறுத்திப் புறங்கையால் சூட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடு ஏறினால் கிளியர் கோட் தீய்ந்துவிடும். நான்கு திட்டுகள் இப்படியே மறைந்தன.

நகம் தட்டிய இரண்டு தழும்புகளுக்கு 2000, பிறகு 3000 நம்பர் வாட்டர் பேப்பர். சிறிய ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, விரலகல இடத்தில் மட்டும் தேய்த்தார். பத்துப் பன்னிரண்டு இழுப்பு, துடைப்பு, மீட்டர், மறுபடி சில இழுப்பு. வழிந்த நீர் பால் நிறத்தில் இருந்தது. “வெள்ளையா வர்ற வரைக்கும் பயமில்ல. கலர் வந்துச்சுன்னா கிளியர் முடிஞ்சுபோச்சு. அந்தக் காலத்து என்.சி. பெயிண்டுல தேய்ச்சா துணியில கலரே வரும், அது வேற. அப்ப கலரும் பளபளப்பும் ஒரே அடுக்கு. தேய்க்கத் தேய்க்க மினுங்கும். இப்ப அப்படித் தேய்ச்சா வண்டி போச்சு.”

கிளியர் கோட்டில் 8, 10 மைக்ரானுக்கு மேல் கழிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. அதற்குமேல் போனால் அன்றைக்குப் பளபளக்கும். ஓரிரு கோடையில் வெளுத்து உரியும். மாஸ்டர் 6 மைக்ரானோடு ஒரு தழும்பில் நிறுத்திவிட்டார். இன்னும் லேசான நிழல் தெரிந்தது. உரிமையாளர் “இன்னும் கொஞ்சம் தேய்ச்சா போயிடுமே?” என்றார். “போயிடும் சார். ரெண்டு வருஷத்துல பெயிண்டும் போயிடும். இந்த நிழல் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். விடுங்க.” கம்பவுண்ட் போட்டதும் அந்த நிழல் இன்னும் மங்கியது. முழுதாகப் போகவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியதைத்தான் நான் அன்று பார்த்த பெரிய திறமை என்பேன். தேய்க்க யாரும் கற்றுக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று கேட்கும்போது, வண்டியின் நன்மைக்காக மறுப்பதற்குப் பல வருஷக் கை வேண்டும்.

வெடிப்பு விட்டிருந்த ஒன்றுக்குத்தான் பாலிஷ் உதவாது. அது பானெட்டின் மூக்குப் பக்கத்தில் இருந்தது. வெடித்த கிளியரைத் தேய்த்து எடுத்து, அந்த இடத்தில் மட்டும் பிரைமர் வைத்து, பேஸ் கோட்டைப் புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாக மெலிதாக்கிக்கொண்டே போய், கிளியரைப் பானெட் முழுக்க அடிக்க வேண்டும். கருநீலத்தில் மெட்டாலிக் துகள் கலந்திருந்தது. துகள் எப்படிப் படுக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ஸ்ப்ரே கன்னை அரைச் சாண் தள்ளிப் பிடித்தாலோ, காற்றழுத்தம் கூடினாலோ அதே டப்பா பெயிண்ட் வேறு நிறமாகத் தெரியும். கம்ப்யூட்டர் தந்த கலவையை மாஸ்டர் ஒரு தகரத்துண்டில் அடித்து, வெயிலில் கொண்டுபோய்ப் பானெட்டின் பக்கத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சில சொட்டுக் கறுப்பு சேர்த்து மீண்டும் அடித்தார். ஆலையில் ரோபோ செய்யும் வேலையை, இங்கே வெயில் வெளிச்சத்தில் ஒரு மனிதரின் கண் சரிபார்க்கிறது. 140 டிகிரி சூடும் இங்கே கிடையாது. முழு வண்டியில் பிளாஸ்டிக்கும் வயரிங்கும் ரப்பரும் இருப்பதால் 60 டிகிரியைத் தாண்டிக் காய்ச்ச முடியாது. அந்தச் சூட்டிலும் இறுகுவதற்காகத்தான் கிளியரில் ஹார்டனர் கலக்கிறார்கள்.

அந்த ஹார்டனரைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். அதில் இருப்பது ஐசோசயனேட். கிளியர் கோட்டை எச்சத்துக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்க வைப்பது அதுதான். ஸ்ப்ரே அடிக்கும்போது பனித்துளியாகக் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போனால், தொழில்சார் ஆஸ்துமாவைத் தருவதும் அதுதான். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவுகூட மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் அடிப்பவருக்குச் சரியான பாதுகாப்பு. அன்று பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் மாஸ்டர் வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க் ஒன்றைப் போட்டுக்கொண்டார். வடிகட்டி எப்போது மாற்றியது என்று அவருக்கு நினைவில்லை. ஹோஸைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்ற தம்பி கைக்குட்டையைக் கட்டியிருந்தான்.

“நெஞ்சு கட்டுதாண்ணே?” என்று வெளியே வந்ததும் கேட்டேன். “ராத்திரில இருமல் வரும் சார். சீசன்ல எல்லாருக்கும் வர்றதுதான்” என்றார். இந்தத் தொழிலில் இரவு இருமலை அப்படி விட்டுவிட முடியாது. ஐசோசயனேட்டின் பாதிப்பு வேலை முடிந்து சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். என்ன ஹார்டனர் பயன்படுத்துகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி எழுதிக்கொடுத்தேன்.

இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பத்துப் பேராவது வேலைசெய்யும் இடங்களுக்குத்தான் கட்டாயம், நான்கு பேர் இருக்கும் பட்டறைக்கு அல்ல. அமைப்புசாரா ஓட்டுநர்களோடு வாகனப் பழுதுபார்ப்பவர்களையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. அந்தப் பட்டறையில் யாரும் அதில் பதிந்திருக்கவில்லை. ஊருக்குள் இப்படிப்பட்ட பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வாரியத்தின் ஆட்கள் அங்கே நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். மாஸ்க்கும் வடிகட்டியும் ஹார்டனர் விற்கும் கடையிலேயே, ஹார்டனரோடு சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

கார் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. எச்சத்தைப் பார்த்த அன்றே ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, அழுத்தாமல் அள்ளி எடுத்தால் பெரும்பாலும் பட்டறைக்கே போக வேண்டியதில்லை. போக நேர்ந்தால், பாலிஷில் போகக்கூடியதற்கு முழுப் பெயிண்ட் கேட்காதீர்கள். தேவையில்லாமல் அடிக்கும் ஒவ்வொரு கோட்டும் யாரோ ஒருவரின் மூச்சுக்குள்ளும் கொஞ்சம் போகிறது. அடித்தே ஆக வேண்டுமென்றால் “மாஸ்க் இருக்கா?” என்று கேளுங்கள், வடிகட்டியின் விலையைக் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். நம் காரிலிருந்து எத்தனை மைக்ரான் கழிக்கலாம் என்பதற்கு அந்த மனிதர் அவ்வளவு கவனமாக ஒரு வரம்பு வைத்திருக்கிறார். அவர் உடம்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்வதற்கும் ஒரு வரம்பு வேண்டும். அதை வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.