பாண்டிச்சேரிச் சூளையும் இரண்டு வாத்தியார்களும்

பாண்டிச்சேரிக்குச் சுற்றுலா போய் வருகிறவர்கள் வாங்கி வரும் சாமான்களில் ஒரு மண்கோப்பையாவது இருக்கும். கையில் எடுத்தால் கொஞ்சம் கனக்கும். நீலமோ பழுப்போ மேலே மெருகு ஓடியிருக்கும். ஊரைப் பார்த்துவிட்டு இதையும் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொத்து என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் 1954-இலேயே மூட்டை கட்டிவிட்டார்கள். இந்தக் கோப்பையின் கதை 1971-இல் தொடங்குகிறது. தொடங்கியவர்கள் இரண்டு அமெரிக்கர்கள்: டெபோரா ஸ்மித், ரே மீக்கர். இடத்தின் பெயர் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி.

டெபோரா ஜப்பானிய மொழி படித்தவர். ஜப்பானில் பிசென் என்ற ஊரில் மண்வேலை பழகினார். மெருகே பூசாமல், விறகுத் தீயின் சாம்பலும் சுடரும் போடும் கோலத்தையே அழகாக நினைக்கும் ஊர் அது. ரே கட்டடக்கலை படிக்கப் போய், பாதியில் மண்ணுக்கு மாறியவர். இருவரும் சந்தித்தது தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில். டெபோராவைப் பாண்டிச்சேரிக்கு இழுத்தது அரவிந்தர் ஆசிரமம். பின்னாலேயே ரேயும் வந்தார். வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

மண்பானைக்கு நம் ஊரில் என்ன பஞ்சம், அமெரிக்காவிலிருந்து வந்துதான் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் குயவர் சக்கரத்தில் வனைந்த பானையை ஈரம் காய்வதற்குள் எடுத்து, உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார். அந்தக் கைவேலைக்கு ஈடு கிடையாது. ஆனால் வைக்கோலும் விறகும் வறட்டியும் வைத்துச் சுடும் சூளையில் சூடு பெரும்பாலும் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பானையில் நுண்ணிய துளைகள் இருக்கும். அதனால்தான் தண்ணீர் கசிந்து ஆவியாகிக் குளிர்கிறது. இவர்கள் செய்ய வந்தது ஸ்டோன்வேர். அதற்கு 1,250 முதல் 1,300 டிகிரி வரை சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல் போலாகிவிடும், தண்ணீர் கசியாது. வேறு மண், வேறு சூளை, வேறு பக்குவம். உள்ளூரில் கிடைக்கும் செங்கல்லும் சவுக்கு விறகும் வைத்துக்கொண்டு அந்தச் சூட்டை எட்டுவது லேசான காரியமில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அதுதான் முக்கியம். நம்மிடம் பானை வனைவது பிறப்பால் வருவது. குயவர் வீட்டில் பிறந்தால் தொழில் வரும். வேறு வீட்டில் பிறந்தவன் சக்கரத்தைத் தொட வழியில்லை. குயவர் வீட்டுப் பெண்களும் மண் மிதிப்பார்கள், சுமப்பார்கள், சந்தையில் விற்பார்கள், ஆனால் சக்கரத்தில் உட்காருவது வழக்கமில்லை. பாண்டிச்சேரியிலோ சக்கரத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் பெண். கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் யாரும் பரம்பரை கேட்கவில்லை.

அங்கே இரண்டு வகை மாணவர்கள் உருவானார்கள். முதல் வகை, வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்த் தமிழர்கள். அன்றாடம் தட்டும் கோப்பையும் கூஜாவும் செய்யும் உற்பத்தி டெபோராவின் கவனிப்பில் நடந்தது. ஒரே அளவில், ஒரே கனத்தில் நூறு கோப்பை வனைவது என்பது நூறு முறை தன்னையே திருத்திக்கொள்வது. சம்பளத்துக்கு வந்தவர்கள் அப்படித்தான் கை தேர்ந்தார்கள். இரண்டாம் வகை, 1980-களிலிருந்து ரேயிடம் பயிற்சிக்கு வந்தவர்கள். பல ஊர்களிலிருந்து வந்தார்கள். கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஏழு மாதப் பயிற்சி. மண்ணைப் பிசைவதிலிருந்து சூளைக்கு விறகு போடுவது வரை எல்லாம் தானே செய்ய வேண்டும். சக்கரம் முதலில் கற்றுத்தருவது பொறுமையைத்தான். மண் நடுவில் நிற்காவிட்டால் சுவர் எழும்பாது. எத்தனை டிகிரி வாங்கியிருந்தாலும் மண்ணுக்குத் தெரியாதே!

ரே கோப்பையோடு நிற்கவில்லை. ஈரானில் பிறந்த கட்டடக்கலைஞர் நாதர் கலீலியின் யோசனையைப் பிடித்துக்கொண்டு, 1980-களின் நடுவிலிருந்து வீட்டையே சுட்டுப் பார்த்தார். பச்சைச் செங்கல்லால் வளைகூரை வைத்து வீடு கட்டுவது. உள்ளே இன்னும் சுடாத செங்கல்லையும் ஓட்டையும் அடுக்குவது. பிறகு வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டுவது. சுட்டு முடித்ததும் உள்ளே இருந்ததை எடுத்து விற்றால் எரிபொருள் செலவில் ஒரு பகுதி தேறும். வீடும் மழைக்குக் கரையாமல் நிற்கும். ஏழைக்கு மலிவான வீடு என்பது கனவு. அந்தக் கனவு பெரிய அளவில் பலிக்கவில்லை. ஆட்கூலியும் விறகும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இடித்தது. ஆனாலும் பத்தாண்டுக்கு மேல் விடாமல் கட்டிப் பார்த்தார். வாத்தியார் தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதும் மாணவனுக்கு ஒரு பாடம்தான்.

இந்தக் கதையில் ஆச்சரியம் எதுவென்றால், தெரிந்த வித்தையை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. கற்றுக்கொண்டு போனவர்கள் பாண்டிச்சேரியிலும் ஆரோவில்லிலும் சொந்தமாகச் சூளை வைத்தார்கள். அதே சாயல், அதே மெருகு. வியாபாரக் கணக்குப்படி இது போட்டியை வளர்ப்பது. ஆனால் அதனால்தான் ஒரு பட்டறையின் பாணி ஓர் ஊரின் பாணியாக மாறியது. அங்கே படித்த ஆதில் ரைட்டர், வினீத் கக்கர், மாத்வி சுப்ரமணியன், அஞ்சனி கன்னா போன்றவர்கள் இந்திய மண்கலையில் பெரிய பெயர்கள். 2018-இல் ஜெய்ப்பூர் ஜவாஹர் கலா கேந்திராவில் இந்தியாவின் முதல் செராமிக் டிரையென்னலே கண்காட்சி நடந்தபோது, அதை நடத்தியவர்களில் இந்த மாணவர்களும் இருந்தார்கள்.

இங்கேதான் ஒரு நெருடல். இரண்டாம் வகை மாணவர்களின் பெயர்கள் கண்காட்சிப் புத்தகங்களில் இருக்கின்றன. முதல் வகையினரின் பெயர்களைத் தேடினால் எளிதில் கிடைப்பதில்லை. ஒரே மண், ஒரே சூளை, ஒரே வாத்தியார்கள். ஒருவர் கலைஞர், இன்னொருவர் தொழிலாளி. இந்தக் கோட்டைப் போட்டது அந்தப் பட்டறை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அது நம்மிடம் முன்பே இருந்த கோடு. கடையில் கோப்பைக்குச் சில நூறு ரூபாய் தயங்காமல் கொடுத்துவிட்டு, கார்த்திகைக்கு அகல் விளக்கு விற்கிறவரிடம் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோமே, அதே கோடுதான். அவர் கையிலும் முப்பது நாற்பது வருஷப் பயிற்சி இருக்கிறது. அவருக்குச் சொல்லிக் கொடுத்த அப்பாவையோ தாத்தாவையோ வாத்தியார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பிறப்பைக் கேட்காமல் சக்கரத்தில் உட்கார வைத்ததில் டெபோராவும் ரேயும் ஒரு கதவைத் திறந்தார்கள். வனைந்தவர் யார் என்று விசாரிப்பது வாங்குகிறவர்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை கோப்பையோ அகலோ வாங்கும்போது, செய்தது யார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலு பேர் கேட்டால் தெரிந்து வைத்துக்கொள்வார்.