வானவழி வரைந்தவர்

தரையிற் செல்வோன் வழி தவறினால் கேட்டறிய ஓர் ஊர் உண்டு. ஓர் ஆள் உண்டு. முகிற்கூட்டத்தினுள் அகப்பட்ட விமானிக்கு இவ்விரண்டும் இல்லை. 1930ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தபால் மூட்டைகளுடன் பறந்த விமானிகளின் நிலை இதுவே. வானிற் செல்வோர்க்குரிய தக்க படங்கள் அரியனவாக இருந்தமையால், மோட்டார் ஓட்டுவோர்க்கென அச்சிட்ட சாலைப்படத்தையே அவர்களிற் பலர் மடியில் விரித்து வைத்துக்கொண்டனர். இருப்புப்பாதை கண்ணிற் பட்டால் அதனைத் தொடர்ந்து பறந்தனர். சாலைப்படம் வளைவுகளைக் காட்டும். எதிரே நிற்கும் மலையின் உயரத்தைக் காட்டுமா?

அவ்விமானிகளுள் ஒருவர் எல்ரே ஜெப்பெசன். 1907இல் லூயிசியானா மாநிலத்திற் பிறந்து, ஆரெகன் மாநிலத்தில் வளர்ந்தவர். இளமையிலேயே பறக்கக் கற்று, 500 டாலருக்குப் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். பின்னர்ச் செயென் நகருக்கும் சால்ட் லேக் நகருக்குமிடையே தபால் விமானம் ஓட்டினார். ராக்கி மலைகளின் ஊடே செல்லும் அவ்வழி கொடியது. உடன் பணியாற்றிய விமானிகள் சிலர் விபத்துகளில் மாண்டனர்.

ஜெப்பெசன் 10 சென்ட் கொடுத்துக் கறுப்புநிறக் குறிப்பேடு ஒன்றை வாங்கினார். இறங்குதளங்களின் நீளம், அவற்றைச் சூழ்ந்த தடைகள், மலைகளின் உயரம் ஆகியவற்றை அதிற் குறித்தார். வானிலையைக் கேட்டறிவதற்காக, வழியிலுள்ள குடியானவர்களின் தொலைபேசி எண்களையும் எழுதிக்கொண்டார். ஓய்வு நாட்களில் உயரமானியைக் கையில் ஏந்திக் குன்றுகளின் மீதும், புகைபோக்கிகளின் மீதும், நீர்த்தொட்டிகளின் மீதும் ஏறினார். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். அக்குறைவைக் கொண்டே உயரமானி உயரத்தைக் காட்டும். வானிற் பறப்பவர் புகைபோக்கியில் ஏறக் கண்ட ஊரார் நகைத்திருக்கவும் கூடும்!

அவ்வேட்டில் மற்றொரு நுட்பமும் இருந்தது. அதன் தாள்கள் கழற்றி மாட்டத்தக்கவை. நேற்றுவரை வெற்றிடமாயிருந்த இடத்தில் இன்று ஒரு கோபுரம் எழலாம். பழைய படத்தை நம்பி இறங்குபவன், படமே இல்லாதவனினும் பெருந்துன்பத்திற்கு ஆளாவான். இல்லாதவன் அஞ்சியேனும் செல்வான் அன்றோ? ஆதலின் மாறிய இடத்திற்குரிய தாளை மட்டும் நீக்கிப் புதியது சேர்க்கும் இம்முறை, சிறிதாகத் தோன்றினும் உயிர்காக்கும் முறையாயிற்று.

தம் உயிரைக் காக்கத் தொடங்கிய ஏட்டைத் தோழர்களும் வேண்டினர். படி ஒன்றுக்கு 10 டாலர் விலை வைத்து, 1934இல் தம் வீட்டின் நிலவறையிலேயே தொழிலைத் தொடங்கினார். 1936இல் அவர் மணந்த நடீன் என்பார் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். அவரும் அத்தொழிலில் தோள்கொடுத்தார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படையும் அப்படங்களைக் கையாண்டது. 1954இல் ஜெப்பெசன் விமானிப் பணியை விட்டு, படத்தொழிலிலேயே முழுதும் ஈடுபட்டார். 1995இல் திறக்கப்பெற்ற டென்வர் விமான நிலையத்தின் முனையத்திற்கு அவர் பெயர் இடப்பட்டது. மறு ஆண்டில், தம் 89ஆம் வயதில், அவர் காலமானார்.

இந்நாளில் அவ்வேட்டின் இடத்தைப் பெரும்பாலும் கணினித்திரை பெற்றுவிட்டது. தாள் மாற்றும் வேலை குறைந்தது. திருத்தும் வேலை நிற்கவில்லை. உலகெங்கும் 28 நாட்களுக்கு ஒருமுறை வான்வழிச் செய்திகள் புதுப்பிக்கப்படுகின்றன. அப்படங்களை விமானிகள் ‘ஜெப்’ என்றே அழைக்கின்றனர்.